றிஸ்லாவின் வலது கால்

பெப்ரவரி 6, வியாழன்
சனிக்கிழமை பாலாவியில் பெண்கள் பேஸ்போல் இறுதிப் போட்டி. வர வேண்டிய அம்பயருக்கு டெங்கு. என்னை நிற்கச் சொல்கிறார்கள். எங்கள் தில்லையடி அணிக்குப் பந்து எறிபவள் என் தங்கச்சி ஜுனைதாவின் மகள் றிஸ்லா என்று சொல்லிப் பார்த்தேன். எதிரணிப் பயிற்சியாளர் சுஜாந்தி, "றைஸா டீச்சர் நிண்டா எங்களுக்குச் சந்தோசம்" என்றாராம்.

பெப்ரவரி 8, சனி
தில்லையடி தோற்றுவிட்டது. நான்தான் தோற்கடித்தேன் என்கிறார்கள்.

கடைசிச் சுற்று. ஐந்துக்கு ஐந்து. மூன்றாம் பேஸில் பாலாவிப் பெண் நிற்கிறாள். பந்து எறியத் தொடங்கும்போது றிஸ்லாவின் வலது கால் மேட்டிலுள்ள வெள்ளைப் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடவில்லை. ஒரு சாண் முன்னால், குழிக்குள் இருந்தது. கையை உயர்த்திவிட்டேன். அப்படி எறிந்தால் பேஸில் நிற்பவள் அடுத்த பேஸுக்குப் போகலாம் என்பது விதி. அவள் நடந்தே கடைசி பேஸுக்கு வந்து ஓட்டம் எடுத்தாள். ஆறுக்கு ஐந்து. ஆட்டம் முடிந்தது.

ஜுனைதா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஒரு சாண் மண்ணுக்காக என்ட புள்ளய அழ வெச்சிட்டீங்களே ராத்தா?"

பெப்ரவரி 9
நாலு தரம் எடுத்தேன். ஜுனைதா போனைத் தூக்கவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்
சரியாகத்தான் பார்த்தேனா? வெயில் கண்ணில் அடித்ததோ — இல்லை, முதுகில்தான் அடித்தது. சொந்தக்காரிக்குச் சாய்ந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற அவசரத்தில் கை உயர்ந்துவிட்டதோ? அப்படியெண்டா அந்தப் புள்ளைக்கு நான் என்ன செஞ்சிட்டன்?

பெப்ரவரி 13, வியாழன்
அஸர் தொழுது எழும்பியபோது வாசலில் றிஸ்லா. உள்ளே வரவில்லை, செருப்பும் கழற்றவில்லை.

"பெரியும்மா, கால் விலகினதுதான். குழிக்குள்ள வெச்சாத்தான் பந்து வேகமாப் போகுது. முந்தியும் ரெண்டு தரம் விலகின. நீங்க காணல்ல."

"உம்மாட்ட சொன்னியா?"

"ஓம். சொல்லிட்டுத்தான் வாறன்."

அல்ஹம்துலில்லாஹ். கதிரையில் இருந்து நன்றாக அழுதேன். அவள் போன பிறகுதான் அந்த இரண்டு தரமும் நான் கோட்டைவிட்டது உறைத்தது. அதற்குச் சிரிப்புத்தான் வந்தது.

பெப்ரவரி 22, சனி
மாம்புரி அணியோடு எங்கள் பிள்ளைகளுக்குச் சிநேகபூர்வப் போட்டி. வேறு அம்பயர். நான் சும்மா பார்க்கப் போனேன். ஜுனைதா பிளாஸ்க்கில் பிளேன்ரீயோடு வந்து பக்கத்தில் இருந்தாள். நடந்ததைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

மாம்புரிப் பிள்ளை பந்து எறிய வந்ததுதான் தாமதம், ஜுனைதா எழும்பிக் கத்தினாள்: "அம்பயர்! கால் பலகையில இல்ல! பாருங்க!" பிறகு என் பக்கம் திரும்பி, "சரிதானே ராத்தா?"

அந்தப் பிள்ளையின் கால் பலகையில்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்று கோப்பையை நீட்டினேன்.