திவசச் சோறு தின்னும் அன்னங்கள்

செப்டம்பர், ஞாயிறு இரவு.

மனைவியை இழந்து, அயர்லாந்திலிருந்து வந்து நிற்கும் அண்ணையை இனி ரொறன்ரோவிலேயே வைத்துக்கொள்ளும் என் மாபெரும் திட்டம், இன்று அஜக்ஸ் ஏரிக்கரையில் மூழ்கிப்போனது. அவருக்கென்று மேலறைக்குப் பெயின்ற் கூட அடித்து வைத்திருந்தேன்.

குடும்பமாகப் போயிருந்தோம். ஒன்ராறியோ ஏரியை என் பாட்டனார் தனியாளாக வெட்டியதுபோலக் கைகாட்டினேன்.

"அண்ணை, உங்கடை அயர்லாந்து ஏரியை இதுக்குள்ளை ஊத்தினால், இஞ்சத்தை மீன் ஒண்டு ஒரே மூச்சிலை குடிச்சிடும்."

அண்ணை சிரித்தார்.

"எங்கடை ஏரியிலை ஒரு மாற்றாந்தாய் நாலு பிள்ளையளை அன்னமாக்கிப் போட்டாளாம். அதாலை ஒருத்தரும் அன்னத்துக்குக் கல்லெறியமாட்டினம். குளிர் தொடங்க ஐஸ்லாந்திலையிருந்து கூட்டமா வரும். உன்ரை மச்சாளின்ரை திவசத்துக்குக் கரையிலை சோறு வைச்சால், காகத்துக்கு முந்தி அதுகள்தான் வந்து தின்னும்."

"மச்சாளுக்கு அன்னமோ! செத்தும் பவிசு குறையேல்லை."

அதற்கும் சிரித்தார். அந்தச் சூட்டோடு கேட்டுவிட்டேன்.

"இந்த முறை திவசத்தை இஞ்சை செய்வம், அண்ணை. இது பெரிய ஏரியெல்லே?"

"பெரிசுதான்ரா. ஆனா அவளின்ரை சாம்பலை நான் அங்கையெல்லே கரைச்சனான்."

குளிருகிறது என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டு எல்லோரையும் காரில் ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விமானம்.

இப்போது மேலறையில் அவர் விடும் குறட்டைக்கு விட்பி நகரம் வரைக்கும் வீடுகள் ஆடுகின்றன. ஆடட்டும். வெள்ளி வரைக்கும் ஆடட்டும்.