சீலைப் பங்காளி

என் சீலைப் பங்காளிக்கு,

இன்று காலை உன் மகள் வந்து ஒரு மஞ்சள் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். திறந்ததும் சந்தன வாசனையும் அந்துருண்டை வாசனையும் கலந்து அடித்தன. உள்ளே நம் சீலை. பழைய மடிப்பு இற்றுப்போகாமல் திருப்பி மடித்திருக்கிறாள், நீ மடிப்பது போலவே. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வருகை மெஷினில் விரல் வைக்காவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்பது உனக்குத் தெரியாததா? இருந்தும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது.

அரியலூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நீயும் நானும் சேர்ந்து மாப்பு பிடித்த காலத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வருகிறது. காண்ட்ராக்ட் வேலை. சட்டத்தில் சொன்ன குறைந்தபட்சக் கூலி, அதிலும் பிடித்தம் போக மீதி. வீட்டு வாடகையும் கேஸும் பிள்ளைகளின் பஸ் செலவும் போனால், மாசக் கடைசி வாரம் ரேஷன் அரிசிதான் நமக்குத் துணை. என் வீட்டுக்காரர் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கும் வேலை இருந்தால் கூலி, இல்லாவிட்டால் வீட்டில் தூக்கம். கடைசி வாரத்தில் நீ சோறு மட்டும் கொண்டுவருவாய், நான் வெங்காயப் புளிக்குழம்பு மட்டும் கொண்டுவருவேன். துணி அடுக்கும் அறையில் உட்கார்ந்து கலந்து சாப்பிடுவோம். "முழுச் சாப்பாடு சாப்பிடுறவங்க நம்ம ரெண்டு பேருதான் புள்ள" என்பாய்.

என் அண்ணன் போன் பண்ணிய நாள் நினைவிருக்கிறதா? பெரம்பலூரில் அவர் கட்டிய வீட்டுக்குக் குடிபோகிறார்கள், வா என்று கூப்பிட்டார். "லீவு தர மாட்டேங்கறாங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் மாப்பு பிழிந்துகொண்டிருந்த நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"எனக்கே குடுத்தாங்க லீவு. உனக்கு மட்டும் தர மாட்டாங்களா?"

சமாளித்துப் பார்த்தேன், நீ விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். முன்பொரு விசேஷத்தில் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பழைய பட்டுச் சீலை ஒன்றை நீட்டி, "இத மாத்திக்கம்மா, போட்டோவுல நல்லாருக்காது" என்று சொன்னதைச் சொன்னேன். அதன்பிறகு மூன்று விசேஷத்துக்கு எனக்கு லீவு கிடைக்காமலே போனதையும் சொன்னேன். ஐயோ பாவம் என்பாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ திட்டினாய்.

"இன்னும் ரெண்டு தடவ லீவு இல்லன்னு சொல்லு. அதுக்கப்புறம் கூப்பிடவே மாட்டாங்க. ஒரு சீலைக்காக அண்ணன விட்டுருவியா?"

அன்று மாலையே வழியையும் கண்டுபிடித்துவிட்டாய். என் சொந்தமெல்லாம் பெரம்பலூர்ப் பக்கம், உன் சொந்தமெல்லாம் திருமானூர்ப் பக்கம். இரண்டு கூட்டமும் ஒரு பந்தியில் உட்காரப் போவதில்லை. ஆளுக்குப் பாதி போட்டு ஒரே ஒரு நல்ல பட்டுச் சீலை வாங்கினால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆடித் தள்ளுபடி வந்ததும் நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாய்.

கடையில் நீ செய்த ரகளை சாமானியமானதா? எனக்கு வெங்காயச் சருகு நிறம் பிடித்தது. "வெங்காயம் வெளையிற உங்க ஊர்க்காரங்களுக்கு அத விட்டா வேற தெரியாதே" என்று கிண்டல் செய்துவிட்டு, கரை மட்டும் நெற்பயிர்ப் பச்சையாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தாய். அது உன் கொள்ளிடக்கரைப் பங்காம். அப்படி ஒன்று கிடைக்கும்வரை அந்தக் கடைக்காரத் தம்பி அலமாரியையே இறக்கினார். இன்னொருவருக்கு எது என்று கேட்டார். ஒன்று போதும், இரண்டு பேருக்கும் அதுதான் என்றாய்.

"ரெண்டு பேரும் ஒரே வூட்டுலயா வாக்கப்பட்டிருக்கீங்க?"

"இல்ல தம்பி, ஒரே ஆஸ்பத்திரியில" என்றாய் கொஞ்சமும் முகம் மாறாமல்.

ரவிக்கை மட்டும் ஆளுக்கொன்று. உன் உடம்புக்குத் தைத்ததில் என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். கட்டிப் போகிறவள் தாம்பூலப் பையில் வரும் தேங்காயை மற்றவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சட்டம் போட்டாய். சீலை வாடகை என்று அதற்குப் பெயர் வைத்தாய். அடுத்து வந்த அண்ணன் வீட்டு விசேஷத்தில் அண்ணி என் முந்தானைக் கரையைத் தடவிப் பார்த்து, எங்கே எடுத்தது என்று கேட்டாள். அரியலூரில் என்று மட்டும் சொன்னேன், முழுச் சீலையும் என்னுடையது போல. திரும்பி வந்து தேங்காயை உன்னிடம் கொடுத்தேன். மறுநாள் அதைத் துவையலாக்கிக் கொண்டுவந்து, "உங்க அண்ணன் வூட்டுத் தேங்கா நல்லா இனிக்குது, அடிக்கடி போயிட்டு வா" என்றாய். அதற்குப் பிறகு ஒரு காதுகுத்தைக்கூட நான் விடவில்லை.

நாம் போட்ட கணக்கு ஒரே ஒரு முறைதான் தப்பியது. நம் சூப்பர்வைசர் தன் மகள் கல்யாணத்துக்கு நம் எல்லோரையும் ஜெயங்கொண்டத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு பேரும் போக வேண்டும், சீலை ஒன்று. அது உன்னிடம்தான் இருந்தது. நான் கட்டட்டும் என்று முந்தின நாள் அதைக் கொண்டுவந்து, துணி அறை அலமாரியில் என் தட்டில் வைத்துவிட்டாய். நான் பார்த்தேன். நீ கட்டட்டும் என்று சத்தம் போடாமல் உன் தட்டுக்கு மாற்றி வைத்தேன். காலையில் ஆஸ்பத்திரி வாசலிலிருந்துதான் வேன் கிளம்புகிறது, ஏறுமுன் தட்டைப் பார்ப்பாய் என்பது என் நினைப்பு. நீயோ வீட்டிலிருந்து நேராகப் பஸ் பிடித்து வந்துவிட்டாய்.

மண்டப வாசலில் நீ, பொங்கலுக்கு ரேஷனில் கொடுத்த சீலையில். நான், வேலைக்குக் கட்டும் நீல நூல் சீலையில். ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தோம்.

"சீலை எங்கடி?"

"உன் தட்டுல."

"உன் தட்டுலல்ல வச்சேன்!"

நீ சிரிக்கத் தொடங்கியதும் எனக்கும் அடக்க முடியவில்லை. சந்தனக் கிண்ணத்தை நீட்டிய பெண் நமக்கு என்ன ஆயிற்றோ என்று பின்வாங்கினாள். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே முதல் பந்தியில் உட்கார்ந்தோம். "நமக்காக அது ஒண்ணு ஆஸ்பத்திரியில அட்மிட் ஆயி படுத்திருக்கு" என்று நீ சொன்னபோது பாயசம் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. பெண் மாப்பிள்ளையோடு படம் எடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் பின்னால் ஒதுங்கினேன். நீ என் முழங்கையைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்திவிட்டாய். நாம் இருவரும் சேர்ந்து இருக்கிற ஒரே படம் அதுதான். அண்ணி சொன்னது தப்பு. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறோம்.

காய்ச்சல் என்று படுத்தவள் நீ பத்தே நாளில் போய்விட்டாய். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், உனக்கும் பிடிக்காது. அன்று சீலை என் வீட்டில் இருந்தது. உன் பிறந்த வீட்டார் கோடித் துணி கொண்டுவந்து போர்த்தும்போது, நானும் நம் சீலையை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு பெரிய மனுஷி தடுத்தார். "கோடின்னா புதுசு போடணும் ஆயி. கட்டுன சீலையப் போடக்கூடாது." இது அவள் சீலைங்க, அவளோடுதான் போக வேண்டும் என்று நான் அழுது சண்டை பிடித்தேன். உன் மகள்தான் எழுந்து வந்து சீலையை என்னிடமிருந்து வாங்கி, மறுபடி பையில் போட்டு, என் கையிலேயே கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போ சித்தி. அதுல அம்மா பங்கு இருக்கு. எனக்கு வேணும்னா வந்து கேப்பேன்."

இரண்டு வருஷம் அவள் கேட்கவில்லை. நானும் கட்டவில்லை. அந்துருண்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை வளைகாப்பாம்.

"அம்மா வூட்டுச் சீலை கட்டணுமாம் சித்தி. நான் வேற எங்க போய்க் கேக்கறது?"

பழசு எதற்கு, புதிதாக எடுத்துத் தருகிறேன் என்றேன். அவளும் மருந்துக்கடையில் நம்மைப் போலத்தான் மாசக் கூலிக்கு நிற்கிறாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எடுத்துக் குடுத்துட்டு ரெண்டு மாசம் என்னத்த சாப்பிடுவ?"

குரல் அப்படியே உன்னுடையது. நம் சீலையை எடுத்துக் கொடுத்தேன். வளைகாப்பன்று உன் ரவிக்கையைத்தான் போட்டிருந்தாள். மாசமாக இருக்கிற உடம்புக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. உன் இடத்தில் நின்று முதல் வளையலை நான்தான் போட்டேன். அழவில்லை. அந்த ரவிக்கையைப் பார்த்து உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் இன்று காலை சீலையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பைக்கு அடியில் ஏதோ கனத்தது. எடுத்தால் தேங்காய். நம் சட்டத்தை நான் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. என்னடி இது என்றேன். "சீலை வாடகை சித்தி" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படியிறங்கினாள்.

அரை நாள் சம்பளம் போனால் போகட்டும். இனி என் முறை. அண்ணன் மகனுக்கு அடுத்த மாசம் பெரம்பலூரில் கல்யாணம். அங்கே வருகிற தேங்காய் உன் மகளுக்கு, அவள் இப்போது இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும். சற்று முன்புதான் அண்ணன் போன் பண்ணினார். "லீவு குடுப்பாங்களாம்மா?" என்று பழைய நினைப்பில் தயங்கிக்கொண்டே கேட்டார்.

"குடுத்துட்டாங்கண்ணே" என்றேன்.