இருக்கிற மாதிரி இருக்குங்க

பாசமுள்ள பார்வதி அக்கா,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். குளவி கொட்டிச் செத்த உங்களை அடக்கம் செய்ததோடு எல்லாம் அடங்கிவிட்டது என்று தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நினைக்கிறார்கள். எனக்கு அடங்கவில்லை.

விசாரணையில் என்ன முடிவு தெரியுமா? பெண் கங்காணியான நீங்கள் ஆபத்தைத் தெளிவாகச் சொல்லவில்லையாம்! அன்று காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது, கிளாக்கர் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஐயா, மேல்மலையில குளவிக்கூடு இருக்கிற மாதிரி இருக்குங்க" என்றீர்கள்.

"மாதிரியா? இருக்கா, இல்லையா?" என்று துரை சிரித்தார்.

"பாத்துக்கிட்டா நல்லதுங்க ஐயா."

அதே மேல்மலைக்குத்தான் உங்களை அனுப்பினார்கள்.

அதற்கு முந்தைய வாரம் முனியாண்டி கங்காணி, "கீழ்மலையில கூடு. ஆள விட ஏலாது" என்றார். உடனே வேலை நின்றது. அந்தக் கூட்டைக் கண்டது யார்? நீங்கள். அவரிடம் சொன்னதும் நீங்கள்தான். விசாரணையில் இதைச் சொன்னேன். "அது வேற விஷயம்" என்றார்கள்.

நீங்களும் ஒரு காலத்தில் நேராகப் பேசியவர்தானே? "இந்த மழையில ஏற முடியாதுங்க" என்றதற்கு வாயாடிப் பட்டம் கட்டினார்கள். "பொம்பளை மாதிரி பேசு" என்றார் பெரிய கணக்கப்பிள்ளை. அன்று உங்கள் பேச்சில் புகுந்ததுதான் இந்த 'மாதிரி'. அவர்களே கொடுத்துவிட்டு, அவர்களே குற்றம் பிடிக்கிறார்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இப்போது உங்கள் இடத்தில் புஷ்பம் இருக்கிறாள். போன வாரம், "மண்ணு எளகுற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"சம்பளமும் குடுத்த மாதிரி குடுத்துருவோமா?" என்றார் கணக்கப்பிள்ளை. துரைகூடச் சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க புஷ்பம்?" என்று கேட்டேன்.

"மூணாவது லயத்துக்கு மேல, மழத்தண்ணி ஓடுற பெரிய கான் ஒடைஞ்ச எடத்துலங்க. வெடிப்புக்குள்ள நேத்தைக்கு விரல் போச்சு, இன்னைக்குக் கை போகுது."

இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்? ஒரே ஒரு 'எங்கே' போதுமாயிருந்தது அக்கா. உங்களிடம் அதைக் கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. இன்றுவரை அந்த வெடிப்பைப் பார்க்க யாரும் போகவில்லை. அதற்குக் கீழே அந்த லயத்து வீடுகளில் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

இனி பெரட்டில் யார் 'மாதிரி' என்றாலும், துரை முன்னாலேயே 'எங்கே' என்று கேட்பேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

இதைப் பத்திரிகைக்குத் தபாலில் போடப் போகிறேன். பெயர் போடமாட்டேன். போட்டால், ஆம்பிளை சொன்னதால் உண்மை என்று ஆகிவிடும். நீங்கள் சொன்னது, நீங்கள் சொன்னபடியே நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை அக்கா என்று கூப்பிட்ட ஒருவன்