டாக்டரிடம் காபி என்று சொல்லாதே

யெல்லே,

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. சாவி உன் சைக்கிளிலேயே தொங்குகிறது, திருடனுக்கு வசதியாக.

பதினொரு மணிக்கு இதய டாக்டர். "நெஞ்சு ஏன் இப்படி அடிச்சுக்குது?" என்று கேட்பார். நேற்று நர்ஸிடம் சொன்ன மாதிரி "காபி கொஞ்சம் அதிகம்" என்று அளக்காதே. தினமும் கஞ்சா என்று சொல். நம் ஊரில் அதைக் கடையிலேயே விற்கிறார்கள், அதற்காகப் போலீஸ் வராது. சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்.

"போடா, அது வெறும் செடிடா, நெஞ்ச என்ன பண்ணிடும்?" என்று கத்தினாய். நானும் கத்தினேன். சோபாவில் சும்மா சாய்ந்திருந்த உனக்கு மலையேறியவன் மாதிரி நெஞ்சு துடித்ததைப் பார்த்த பயம் அது.

கழிவறைச் சுவரில், எல்லோர் பிறந்தநாளையும் மாதவாரியாக நாம் எழுதி வைத்திருக்கும் காலண்டரை ஒரு தடவை பார். உன் அறையில் முன்பு இருந்த ரூத்கரின் பெயரை இன்னும் யாரும் அடிக்கவில்லை. அவனும் செடி என்றுதான் சொன்னான். மாரடைப்பில் போனபோது நம் வயதுதான்.

ஸ்டெய்ன்

பி.கு.: சூப்பில் உப்பு இல்லை. கோபத்தில் மறந்துவிட்டேன்.

இன்னொன்று: அடுத்த மாதப் பக்கத்தில் ரூத்கருக்குக் கீழே உன் பெயர். போன வருடம் அந்த மாதம் இரண்டு கேக்குக்குப் பதில் ஒரே ஒரு கேக்தான் வாங்கினோம். இந்த வருடமும் ஒன்றாவது வாங்க விடு.