எண்ணெய் ஊரின் துணிச்சல்காரர்கள்

வெக்ஸ்போர்ட், ரொறொன்ரோ
16.10.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

சனிக்கிழமை எங்கள் ஆங்கில வகுப்பை பஸ்சில் ஒரு சிறிய ஊருக்குக் கூட்டிச் சென்றார்கள். ஒரு காலத்தில் எண்ணெய் பீறிட்டு, ஹோட்டலும் றெயிலும் வந்து கொழித்த ஊராம். எண்ணெய் வற்றியதும் அந்த ஊர்ப் பெடியள் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்குப் பர்மா வரை போயிருக்கிறார்கள். "எவ்வளவு துணிச்சல்!" என்று அங்குள்ள மியூசியத்தின் சுவரில் அவர்களின் படங்களைக் காட்டிய மனிசி, என்னைப் பார்த்து, "நீங்கள் ஏன் சொந்த நாட்டை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கட பெடியள் போனா வீரம், நாங்கள் வந்தா பாரமோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள். என் படத்தையும் நம் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். மாலை மட்டும் போட வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மகன்,
அன்புராசா