கிளிப்பச்சைப் புடவை

4 மார்ச், செவ்வாய்

உப்பளத்து ஓரக் கொட்டகையில் இன்று முதல் ஓவிய வகுப்பு. விடியுமுன் அளத்தில் இறங்கிய பெண்கள் வெயில் ஏறும்போது கரையேறி, காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து உட்கார்ந்தார்கள். ஜூனில் நான் கிரீஸ் போவதைச் சொன்னேன். அங்கே அகதி முகாமில் இருக்கும் பெண்களுக்கு ஆறு மாதம் சம்பளமில்லாமல் ஓவிய வகுப்பு எடுக்க வேண்டும். அதற்கு முன் சொந்தப் பக்கத்தில் ஒரு வகுப்பு நடத்தி, படங்களை என்னை அனுப்பும் அமைப்புக்கு அனுப்ப வேண்டும்.

இவர்களில் மூத்தவர் தையல்நாயகி அக்கா. வாய் ஓயாதவர். "ஏரோப்ளேன் ஏறிப் போயி சும்மா சொல்லித்தரப் போறியா? பக்கத்தூரு பிரம்மதேசத்துல இருக்கற உங்கப்பாருக்கு இது தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்பாவுக்கு இன்னும் பாதிதான் தெரியும்.

6 மார்ச்

எல்லோரும் இரண்டு மலை வரைந்தார்கள், நடுவில் சூரியன். மரக்காணத்தில் ஏது மலை?

11 மார்ச், செவ்வாய்

கொட்டகைத் தட்டியைச் சாத்திவிட்டு, வெளியே யாருக்கும் காட்டாத ஒன்றை வரையுங்கள் என்றேன்.

ரேணுகா வரைந்தது எனக்கு முதலில் புரியவில்லை. வெள்ளைவெளேரென்று அளம். நடுவில் ஒரு கிளிப்பச்சைப் புடவை, மஞ்சள் கரை. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாக அதை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். இருவர் முகமும் சாலைப் பக்கம். புடவைக்கு அடியில், குந்திய ஒருத்தியின் பாதங்கள்.

அளத்தில் ஒரு செடிகூடக் கிடையாது. பெண்கள் ஒதுங்க இடமில்லை. பக்கத்திலேயே கடற்கரைச் சாலை, ஓயாமல் வண்டிகள். அதனால் இப்படி. அந்த வழியாக எத்தனை முறை பஸ்ஸில் போயிருக்கிறேன்! புடவை காயவைக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

"குந்தினிருக்கிறது யாருடி, நீயா?"

"காலப் பாரு. தையலக்கா காலு மாதிரியே அகலமா இருக்குது!"

கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு தையலக்கா சட்டென்று நிறுத்தி, "ஏம்மா செந்தமிழு, இது ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாது" என்றார்.

"படாதுக்கா."

நிறங்கள் அவ்வளவு அழகு. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

15 மார்ச்

சென்னையில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர் வினோதினிக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். அதையும். அவரும் பெண்தானே என்று — இல்லை, பொய். அதுதான் எல்லாவற்றிலும் நல்ல படம் என்பதால்.

18 மார்ச்

வினோதினி போன் செய்தார். "இதுதான் செந்தமிழ்! இந்த வருஷ அறிவிப்புக்கே இதைத்தான் போடப்போறோம்."

வரைந்தவர்களுக்குப் பிடிக்காது என்றேன்.

"பேரு போடல, முகம் தெரியல. யாரு என்னன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் வாய் வரவில்லை? கிரீஸ். வேறென்ன.

29 மார்ச், சனி

இணையத்தில் படம் வந்துவிட்டது. கீழே, 'மரக்காணம் உப்பளப் பெண்கள்'. எவ்வளவு பாராட்டு! அளத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

2 ஏப்ரல்

முகம் தெரியாதுதான். புடவை தெரியுமே!

அது ரேணுகாவின் புடவை. ஒரு வருடத் தீமிதித் திருவிழாவுக்கு எடுத்தது. பழசான பிறகு, உப்புக்கூடைக்குச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துத் தினமும் அளத்துக்குக் கொண்டுபோகிறாள். ஊரில் அதைத் தெரியாதவர் யார்? கொடியில் காயும் துணியைப் பார்த்தே யார் வீடு என்று சொல்லிவிடுகிற ஊர்ப்பக்கம். நானும் இங்கேதானே பிறந்தேன்? எனக்கு ஏன் தோன்றவில்லை?

ரேணுகாவின் கொழுந்தனுக்கு டீக்கடையில் யாரோ காட்டியிருக்கிறார்கள். இப்போது அளத்தில் புடவை விரிந்தால், போகிற பைக்குகள் மெதுவாகின்றன. ஹாரன் அடிக்கிறான்கள். பொறுக்கிப் பசங்க.

அவனுங்களுக்குக் காட்டிக்கொடுத்தது யாராம்?

3 ஏப்ரல்

அளத்துக்குப் போனேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தையலக்கா உப்பு வாரிக்கொண்டே, "வெயில் ஏறுது. ஊட்டுக்குப் போ" என்றார். ரேணுகா நிமிரவே இல்லை. அவள் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் வரப்பில் கிடந்தது. இப்போதெல்லாம் புடவை விரிப்பதில்லை என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். விரிக்க நேரக்கூடாதென்று, வேலை முடியும்வரை யாரும் தண்ணீரே குடிப்பதில்லையாம். இந்த வெயிலில்.

பிறர் பார்வை ஒரு பெண்ணின் உடம்பை என்ன செய்யும் என்று எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன். அடிக்கோடு போட்டுப் போட்டு. ச்சீ.

7 ஏப்ரல், திங்கள்

ரேணுகாவுக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

வினோதினியைக் கூப்பிட்டு, படத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"அச்சுக்கே போயிடுச்சு செந்தமிழ். இப்ப நிறுத்தச் சொன்னா, உன்னை அனுப்புறதையும் மறுபடி யோசிக்க வேண்டிவரும்."

"யோசிங்க. படத்த எடுத்துடுங்க."

போனை வைத்தபிறகு அழுதேன். ரேணுகாவுக்காக மட்டும் அழவில்லை. இங்கேயாவது அதைச் சொல்லிவிட வேண்டும்.

9 ஏப்ரல்

படம் போய்விட்டது. கிரீஸும் போய்விட்டது. ஊர்க்காரர்களின் கைபேசிகளில் மட்டும் அது அப்படியே இருக்கும்.

22 ஏப்ரல்

ரேணுகா வேலைக்குத் திரும்பிவிட்டாள். நானும் தினமும் விடியலில் போய் வரப்பில் நிற்கிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. யாரும் கேட்பதுமில்லை, மேஸ்திரி கலியமூர்த்தியைத் தவிர: "ஏம்மா, ஏரோப்ளேன் பஞ்சராயிடுச்சா?"

6 மே, செவ்வாய்

ரேணுகா இன்று பாட்டிலைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அண்ணாந்து, மூச்சுவிடாமல் குடித்தாள்.

வெயில் கொஞ்சம் ஏறியதும் சும்மாட்டைப் பிரித்து உதறினாள். அதே கிளிப்பச்சை. ஒரு முனையைத் தையலக்கா வாங்கிக்கொண்டார். மறுமுனையை ரேணுகா என் பக்கம் நீட்டினாள்.

வாங்கிப் பிடித்தேன். உப்புப் பூத்து மொடமொடவென்று இருந்தது. தலை குனிந்துகொண்டேன்.

"கீழ என்ன பாக்குற?" என்றார் தையலக்கா. "ரோட்டப் பாரு."

ஒரு பைக் மெதுவானது. ஹாரன். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டு வண்டியை முடுக்கினான். அவன் போன பிறகும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரேணுகா எழுந்து வந்து என் கையிலிருந்து முனையை வாங்கும்வரை.