உங்கள் அரசாங்கச் சின்னம், மாஸ்டர்

பெருநாள் வருகிறது என்று கோயில் மெழுகுதிரித் தண்டுகளை இன்று மினுக்கினேன். பாண்ட் வாத்தியங்களை மினுக்குகிற அதே பித்தளை பொலிஷின் மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, மாஸ்டர். அன்போடு வந்ததென்று நினைத்துவிடாதீர்கள். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

உங்கள் வாத்தியக் குழு வெறும் கோயில் பாண்டாக இருந்தவரை நீங்கள் நல்ல மனிதர்தான். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய அலுப்போடு என் மனுசன் அந்தோனி ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடி வருவார். கல்யாணம், பெருநாள், செத்த வீடு எதற்கும் நீங்கள் மறுத்ததில்லை. பாண்டுக்காரர் ஒருவர் செத்தால் சவப்பெட்டிக்கு முன்னால் பாண்ட் போகும். அதை யாரும் கேட்டு வாங்கியதில்லை. எத்தனை பேரை அந்தோனி ஊதியே கல்லறைவரை கொண்டுபோய் விட்டிருப்பார்!

பிறகு கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து, உங்கள் பாண்ட் இனி அரசாங்கச் சின்னம் என்று அறிவித்தார்கள். சம்பளம், சிவப்புக் கோட்டு, தொப்பியில் இலச்சினை. “கொடி, கீதம், அதுக்கடுத்தது நாங்கள்தான்” என்று சந்தையில் நின்று பெருமையடித்தீர்கள். “மாஸ்டருக்குத் தொப்பி இறுகிப் போச்சு” என்று அந்தோனி சிரிப்பார். நானும் சிரித்தேன்.

அந்தோனி காய்ச்சலில் போனார். பின்னேரம் அடக்கம். காலையில் நீங்கள் வந்ததும், என்ன வாசிப்பது என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நம்பி எழுந்து கதிரை போட்டேன். நீங்கள் அதில் உட்காரவில்லை.

“தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. பின்னேரம் துறைமுகத்திலை மந்திரி வந்து இறங்கிறார். ட்ரம்பெட்டும் கோட்டும் வேணும். அரசாங்கச் சாமான்.”

“அப்ப இவருக்கு ஆர் வாசிக்கிறது?”

“அரசாங்கச் சின்னம் செத்த வீடுகளுக்குப் போக ஏலாது.”

உங்கள் கல்யாணத்தில் தோழனாக நின்றவர் உங்கள் காலடியில் கிடந்தார். நீங்கள் அலுமாரியைத் திறந்து கோட்டை உதறி மடித்தீர்கள்.

ஒரு மணித்தியாலம் கழித்து வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தீர்கள். ட்ரம்பெட்டில் உதடு வைத்து ஊதுகிற துண்டைக் காணவில்லை. அந்தோனி அதை எப்போதும் கழற்றிச் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். அந்த வழக்கத்தில், அவரைக் குளிப்பாட்டிக் கல்யாணச் சட்டை போட்டபோது நானும் அதைப் பையில் வைத்திருந்தேன்.

“தங்கச்சி, அந்தத் துண்டு எங்கை?”

“அவரிட்டைக் கேளுங்கோ” என்றேன்.

பெட்டியைப் பார்த்தீர்கள். சட்டைப் பையின் புடைப்பையும் பார்த்தீர்கள். ஊர்ச் சனம் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை நீட்டத் துணிவில்லாமல் போய்விட்டீர்கள். பின்னேரம் நாங்கள் பெட்டியோடு நடக்கையில் துறைமுகப் பக்கமிருந்து உங்கள் முரசு கேட்டது. எங்கள் முன்னால் செருப்புச் சத்தம் மட்டுந்தான்.

நீங்கள் செத்தபோது அந்தச் சட்டம் எங்கே போனதோ தெரியாது. சிவப்புக் கோட்டுக்காரர் முழுப்பேரும் வந்தார்கள். நானும் வந்தேன். உங்கள் மனைவி என்னைக் கட்டிப்பிடித்து, “எவ்வளவு வடிவா வாசிச்சாங்கள், அக்கா” என்று அழுதா. “ஓம், வடிவாத்தான்” என்றேன். அவ என்ன பாவம் செய்தா?

ஞாயிற்றுக்கிழமைகளில் பரலோக மந்திரத்தை எல்லாரோடும் சேர்ந்துதான் சொல்கிறேன். தீமை செய்தவர்களை மன்னிக்கிற இடம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் முழந்தாளில் நிற்பது உங்கள் மனைவிதான், மாஸ்டர். அவவுக்கும் அது தெரியும்.